விறாந்தையில் கேட்கப்படும் கேள்விகள்: ஊமற்கரி, செம்மண், பழைய கிடுகு

பனங்கொட்டை ஓட்டைச் சுட்ட ஊமற்கரி, செம்மண், கிடுகு என்ற தென்னோலைப் பின்னல் போன்ற பழைய பொருட்களால் படம் செய்கிறவள் நான். யாழ்ப்பாணத்து ஏழாலையில் உள்ள என் வீட்டு விறாந்தைதான் என் வேலைக்களம். படங்களைப் பார்க்க வருகிறவர்கள், பயிலரங்குகளில் சந்திக்கும் பிள்ளைகள், நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டிலிருந்து வந்த கையோடு எட்டிப் பார்க்கும் உறவினர்கள் என்று எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். நல்ல கேள்விகள்தான். ஆனால் ஒரே பதிலை ஐம்பதாவது தடவை சொல்லும்போது அதில் எனக்கே நம்பிக்கை குறைந்துவிடுகிறது. ஆகவே, இன்னும் நம்பிக்கை இருக்கும்போதே எழுதி வைக்கிறேன்.

பெயின்ட், கன்வஸ் வாங்க வசதியில்லாததால்தான் இந்தப் பொருட்களா?

முதலில் அப்படித்தான். இப்போது இல்லை. நான் பாடசாலையில் சித்திரம் கற்பிக்கிறேன். மாதச் சம்பளம் வருகிறது. யாழ்ப்பாண நகரத்துக் கடைகளில் அக்ரிலிக்கும் கன்வஸும் கிடைக்கின்றன. வாங்கியும் பார்த்தேன். புதுக் கன்வஸின் முன்னால் உட்கார்ந்தால், குடிபூரல் நடந்த புது வீட்டுக்கு விருந்தாளியாகப் போனதுபோல எதையும் தொடக் கூச்சமாக இருக்கிறது. பழைய கிடுகைக் கையில் எடுத்தால் பேச்சு ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும். நான் நடுவில் புகுந்தால் போதும்.

எனக்குத் தேவைப்படுவது ஏதோ ஒரு வேலையைச் செய்து முடித்த பொருள். மழையைத் தடுத்த கிடுகு, உரம் சுமந்த பை, கிழங்கைக் கொடுத்துவிட்டு வெறுமையான ஊமல். இவற்றை "எளிய பொருட்கள்" என்று பிறர் சொல்லும்போது நான் மறுப்பதில்லை. ஆனால் எளிமைக்காக நான் அவற்றை எடுக்கவில்லை. சந்தையில் தொங்கும் புத்தம்புதிய ஓலைப்பெட்டியும் எளிய பொருள்தான். அதை நான் தொடுவதில்லை. அதற்கு இன்னும் வேலை இருக்கிறது.

எப்போது, எப்படித் தொடங்கினீர்கள்?

1990இல் போரால் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பொருட்கள் வரும் பாதை அடைபட்டபோது எனக்குப் பதின்மூன்று வயது. மண்ணெண்ணெய், பெற்றோல், பற்றரி, சீமெந்து என்று தடைப்பட்டியல் நீண்டது. மின்சாரம் நின்றது. அந்த நாட்களில் குடாநாட்டு வீடுகளில் எரிந்தது ஜாம் போத்தல் விளக்கு. வெறும் ஜாம் போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு, பஞ்சு நனையும் அளவுக்கு மண்ணெண்ணெய், உள்ளே ஒரு கம்பியில் நிறுத்திய மெல்லிய திரி. சுடர் போத்தலுக்குள்ளேயே நிற்பதால் காற்றுக்கு அணையாது. அதன் வெளிச்சத்தில்தான் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்தேன். வானொலி கேட்கச் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் மின்சாரம் எடுத்தார்கள். பத்திரிகை, கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சாகி வந்தது. சவர்க்காரம் இல்லாதபோது பனம்பழக் களியில் உடுப்புத் தோய்த்தோம். காயப்போட்ட உடுப்பை, பனம்பழ வாசத்துக்கு மாடு வந்து சப்பிவிடும். என் பள்ளிக்கூடச் சட்டை ஒன்று அப்படித்தான் போனது.

இதையெல்லாம் யாரும் கலை என்று அழைக்கவில்லை. அழைத்திருந்தால் அம்மா விளக்குமாற்றைத் தூக்கியிருப்பார். ஆனால் ஒரு பொருளை அதன் பெயரை மறந்துவிட்டுப் பார்க்கும் பழக்கம் அங்கேதான் வந்தது. போத்தல் என்பது போத்தல் மட்டுமல்ல, புகைக்கூண்டும் அதுதான். இதைச் சொல்லித்தர எனக்குப் பிற்காலத்தில் எந்த ஆசிரியரும் தேவைப்படவில்லை.

வர்ணப் பென்சில் முடிந்த பிறகு, அடுப்படியில் கிடந்த ஊமற்கரித் துண்டால் பழைய கலண்டர்த் தாள்களின் பின்புறத்தில் வரைந்தேன். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, போருக்கு அஞ்சி, எங்கள் ஊர் அடங்கிய வலிகாமப் பகுதியே எழுந்து கிழக்கே தென்மராட்சிப் பக்கம் நடந்தது. எங்கள் வீட்டிலிருந்து நான் ஒரு படத்தையும் எடுத்துப்போகவில்லை. அம்மா, பிட்டு அவிக்கும் ஓலைக் கூம்பான நீத்துப்பெட்டியை எடுத்து வந்தார். அன்று எனக்கு அது எரிச்சலாக இருந்தது. மீசாலையில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் இரண்டாம் நாள் பிட்டு அவிந்தபோது எரிச்சல் போய்விட்டது. ஆறு மாதம் கழித்துத் திரும்பியபோது கூரையோடு படங்களும் போயிருந்தன.

ஊமற்கரியை நாங்களும் வீட்டில் செய்யலாமா?

தாராளமாகச் செய்யலாம். ஊமல் என்றால் என்ன என்று இப்போது யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளே கேட்பதால் அங்கிருந்து தொடங்குகிறேன். பனங்கொட்டைகளைப் பாத்தியில் அடுக்கி முளைக்க விடுகிறோம். மாதக்கணக்கில் மண்ணுக்குள் இருந்து கிழங்கு இறங்குகிறது. கிழங்கைப் பிடுங்கிய பிறகு மிஞ்சும் வெற்றுக் கோதுதான் ஊமல். தும்பு ஒட்டிய, இரும்புபோலக் கடினமான ஓடு. எங்கள் பாட்டிமார் இதைச் சுட்டுப் பல் விளக்கினார்கள், சாணத்தோடு கரைத்துத் தரை மெழுகினார்கள்.

ஒரு பால்மாத் தகரப் பேணியை எடுத்துக்கொள்ளுங்கள். ஊமலைக் கத்தியால் பிளந்து உள்ளே நெருக்கமாக அடுக்குங்கள். மூடியில் ஆணியால் ஒரே ஒரு துளை போடுங்கள். மூடியை இறுக்கிப் பேணியை அடுப்பு நெருப்புக்குள் வையுங்கள். முதலில் துளையால் வெள்ளைப் புகை வரும். அது ஈரம். பிறகு மஞ்சள் புகை வரும், கண்ணைக் கரிக்கும். அதற்கு நெருப்புக் காட்டினால் துளையின் வாயில் ஒரு சிறு சுடர் நிற்கும். அந்தச் சுடர் அணைந்து புகையும் நின்றால் கரி ஆகிவிட்டது. இனித்தான் பொறுமை வேண்டும். பேணியை வெளியே எடுத்து, துளையைக் களிமண்ணால் அடைத்து, மறுநாள் காலை வரை திறக்காதீர்கள். ஆவலில் சூட்டோடு திறந்தால் காற்றுப் பட்டுக் கரி முழுவதும் பற்றிக்கொள்ளும். கையில் மிஞ்சுவது சாம்பல். நான் நாலு தடவை சாம்பல் அள்ளியிருக்கிறேன்.

கடையில் வாங்கும் வரைகரி மென்மையானது, ஒரே மாதிரி ஓடும். ஊமற்கரி அப்படியில்லை. தும்பு எரிந்த பக்கம் மாவுபோல உதிரும். ஓட்டுப் பக்கம் கூர்மையாகக் கீறும், சில வேளைகளில் கடதாசியையே கிழிக்கும். ஒரே துண்டில் இரண்டு குணம். வயதானவர்களின் முகம் வரைய இதைவிட நல்லது எனக்கு இதுவரை அகப்படவில்லை. வரைந்த பிறகு கரி உதிராமல் இருக்க, கொழுப்பு நீக்கிய பால்மாவை நீர்க்கக் கரைத்து மெல்லிய தூறலாகத் தெளிக்கிறேன். பாலில் உள்ள புரதம் காய்ந்து கரியைப் பிடித்துக்கொள்ளும். கொழுப்புள்ள பால்மா வேண்டாம், கறை விழும்.

உங்கள் படங்களில் உள்ள அந்தச் சிவப்பு எந்தக் கடையில் வாங்கியது?

எங்கள் வளவில். வலிகாமத்தின் செம்மண்தான் அது. கீழே இருப்பது சுண்ணக்கல். அது காலகாலமாகக் கரைந்துபோக, கரையாமல் எஞ்சிய இரும்புத் தாதுதான் மண்ணுக்கு இந்த நிறத்தைக் கொடுக்கிறது. தோட்டத்தில் வேலை செய்துவிட்டு வந்தவரின் வேட்டிக் கரையில் ஏறிய சிவப்பு எத்தனை தோய்த்தாலும் போகாது என்பது ஊரறிந்த விஷயம். போகாத நிறத்தை விடச் சித்திரகாரிக்கு வேறென்ன வேண்டும்?

மண்ணை வாளித் தண்ணீரில் கரைத்துக் கலக்கி, ஒன்று இரண்டு என்று இருபது வரை எண்ணுங்கள். அதற்குள் மணலும் கல்லும் அடியில் இறங்கிவிடும். மேலே நிற்கும் சிவப்புத் தண்ணீரைப் பழைய வேட்டித் துணியால் வடித்து இன்னொரு வாளியில் ஊற்றி ஒரு நாள் விட்டால், அடியில் வெண்ணெய்போல ஒரு படிவு கிடைக்கும். அதைக் காயவைத்து அம்மியில் அரைத்தால் நிறம் தயார். ஒட்டுவதற்கு விளாம் பிசினை இரவு முழுவதும் ஊறவைத்துக் கலக்கிறேன். பிசின் கூடினால் காய்ந்து வெடிக்கும், குறைந்தால் விரலோடு வரும். அளவு சொல்லக் கேட்காதீர்கள். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் மண் மாறுகிறது.

தோட்டம் தோட்டமாகச் சிவப்பும் மாறும். உரும்பிராய் மண்ணையும் ஏழாலை மண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் பூசிப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். வடமராட்சி கிழக்கில் மணற்காட்டுக்குப் போனால் சிவப்பே இல்லை, வெள்ளை மணல் மேடு மேடாகக் கிடக்கிறது. குடாநாட்டை நிறத்தால் வரைபடமாக்கும் ஆசை ஒன்று எனக்கு இருக்கிறது. இப்போதைக்குப் பதினொரு போத்தல்களில் மண் சேர்த்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் ஊர்ப் பெயர் ஒட்டியிருக்கிறது.

மஞ்சள் பாவிப்பீர்களா?

பாவித்தேன், அழுதேன், விட்டேன். மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்தால் ஆலாத்திச் சிவப்பு பிறக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தச் சிவப்பில் ஆறடித் துணி ஒன்றைத் தீட்டி, இரண்டு நாள் அதன் முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன், அத்தனை அழகு. மூன்றாம் வாரம் மண்ணிறமாகத் திரும்பத் தொடங்கியது. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவைக் குடித்துக் காரம் இழந்துவிட்டால் மஞ்சளும் சிவப்பைக் கைவிட்டுவிடும். மிஞ்சிய மஞ்சளையும் வெயில் தின்றது. கொழும்பில் ஒரு காட்சியில் அதைச் சரியாக மேற்கு யன்னலுக்கு எதிரே தொங்கவிட்டிருந்தார்கள். காட்சி முடிந்தபோது வெறுந்துணி திரும்பி வந்தது. அதற்கு மேல் கரி வரைந்து வேறு படமாக்கிவிட்டேன்.

வேலியை ஏன் இத்தனை தடவை செய்கிறீர்கள்?

யாழ்ப்பாணத்தாரைப் பற்றி ஒரே ஒரு பொருளால் சொல்லச் சொன்னால் நான் வேலியைத்தான் காட்டுவேன். எல்லைச் சண்டையும் அதில்தான், ஊர்ப்புதினமும் அதன் மேலால்தான். பூவரசு, கிளுவை, முள்முருக்குக் கதியால்களை நட்டு, குறுக்கே வரிச்சுக் கட்டி, கிடுகை நிரையாக வைத்துக் கட்டியது எங்கள் வேலி. கதியால் உயிரோடு தளிர்க்கும், கிடுகு அதன் மேல் சாகும். கட்டிய புதிதில் தென்னோலையின் பச்சை மஞ்சள். வெயில் பட்டு வைக்கோல் நிறம். ஒரு மாரி முடிந்தால் சாம்பல். இரண்டாம் மாரி பார்த்த கிடுகு கறுத்து, தொட்டால் நொறுங்கும். ஓலை எத்தனை மாரி பார்த்தது என்பதை நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். இப்போது எங்கும் சீமெந்து மதிலும் தகரமும் எழுந்துவிட்டன. மதிலுக்கு வயது தெரிவதில்லை. அதனால் அதில் எனக்கு ஆர்வமும் வருவதில்லை.

வேலி பிரித்து அடைக்கும் வீடு எங்கே என்று கேள்விப்பட்டால் சைக்கிளோடு போய் நிற்பேன். கழற்றிப்போடும் கிடுகை எருவுக்கோ அடுப்புக்கோ கொடுக்கும் முன் எனக்குத் தருவார்கள். முதலில் அதைப் பதிவெடுக்கத்தான் பாவித்தேன். செம்மண் கூழைக் கிடுகின் மேல் தடவி, ஈரத்துணியை விரித்து, கால் பெருவிரலால் மிதித்து எடுப்பது. பின்னலின் ஒவ்வொரு குறுக்கும் நெடுக்கும் துணியில் ஏறும். ஓரிடத்தில் கயிற்றுக் கட்டின் தடம், இன்னோரிடத்தில் பூச்சி அரித்த ஓட்டை.

பிறகு "பொட்டு" என்ற வேலையைச் செய்தேன். எங்கள் ஊரில் பொட்டு என்றால் நெற்றியில் இடுவது மட்டுமல்ல, வேலியில் ஆள் நுழையும் இடைவெளியும் அதுதான். அடுத்த வீட்டுக்குக் கறி கொண்டுபோக, பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குக் குறுக்கே ஓட, சண்டை வந்தால் முதலில் அடைபட. பழைய கிடுகால் ஒரு மண்டபத்தை நடுவே மறித்து வேலி கட்டி, மூன்றடி உயரத்தில் ஒரேயொரு பொட்டு விட்டேன். அந்தப் பக்கம் போக வேண்டுமானால் குனிந்துதான் போக வேண்டும். அந்தப் பக்கத்தில் எதுவும் வைக்கவில்லை, ஒரு கதிரை மட்டும். பட்டுச்சேலை உடுத்த ஒரு அம்மா குனிந்து போய், கதிரையில் உட்கார்ந்து, "எங்கள் வீட்டுப் பொட்டை 1987இல் அடைத்தோம்" என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. அவர் அரைமணி நேரம் அங்கேயே இருந்தார்.

உரப்பையில் பெயின்ட் நிற்கிறதா?

நிற்காது. அது பொலிப்புரொப்பிலீன் இழை. நீர் நிறம் வழுக்கிவிடும், அக்ரிலிக் தோல்போல உரிந்து வரும். ஆகவே அதில் வரைவதை விட்டுத் தைக்கிறேன். வெயிலில் கிடந்த பை ஓராண்டில் பொடிப்பொடியாக உதிரும். உதிர்ந்தது மண்ணில் கலந்து போகவே போகாது. நிழலில் இருந்த பையையே தேர்ந்தெடுங்கள். உள்ளே பழைய உரம் ஒட்டியிருக்கும், நன்றாக அலசாமல் பிள்ளைகளின் கையில் கொடுக்க வேண்டாம்.

இது கழிவிலிருந்து கலை செய்வதுதானே?

இந்தக் கேள்விக்கு மட்டும் எனக்குக் கோபம் வரும். சுற்றாடல் தினத்தன்று யூன் 5ஆம் திகதி வெறும் யோகட் கோப்பைகளை ஒட்டிப் பூச்சாடி செய்யச் சொல்லிப் பாடசாலைகளில் போட்டி வைக்கிறார்கள். பல பிள்ளைகள் அதற்காகவே புது யோகட் வாங்கி அவசரமாகத் தின்றுவிட்டு வருகிறார்கள். பூச்சாடியும் மறுநாள் குப்பைக்குத்தான் போகிறது. நான் குப்பையைக் குறைக்கவில்லை. என் விறாந்தையைப் பார்த்தவர்கள் அதை அதிகமாக்கினேன் என்றே சொல்வார்கள். கழிவு என்ற சொல்லில் அந்தப் பொருளின் முன்கதை அழிந்துபோகிறது. எனக்கு முன்கதைதான் வேண்டும்.

இது மேற்கத்தேயப் பாணி இல்லையா? இத்தாலியில் முன்பே செய்துவிட்டார்களே?

செய்தார்கள். 1967இல் ஜெர்மானோ செலான்ட் என்ற இத்தாலிய விமர்சகர் "ஆர்த்தே போவரா", அதாவது ஏழைக்கலை என்ற பெயரை வைத்தார். மண், கந்தல், நிலக்கரி, சாக்கு, மரம் எல்லாம் காட்சிக்கூடத்துக்குள் வந்தன. அந்தக் கலைஞர்களில் ஒருவரான யானிஸ் குனெல்லிஸ் 1969இல் ரோம் நகரக் காட்சிக்கூடம் ஒன்றில் பன்னிரண்டு உயிர்க் குதிரைகளையே கட்டிவைத்தார். நான் இவற்றைப் புத்தகத்தில் பார்த்தது பல்கலைக்கழகத்தில் படிக்கும்போதுதான். பார்த்தபோது பிடித்தது, கொஞ்சம் சிரிப்பும் வந்தது. தொழிற்சாலைகள் பெருகிக் கடைகள் நிரம்பிய நாட்டில், பண்டங்கள் அலுத்துப்போய்ச் சாக்கைத் தேடியவர்கள் அவர்கள். நாங்கள் சாக்கைத் தவிர வேறொன்றும் இல்லாத இடத்திலிருந்து வந்தவர்கள். சாக்கு ஒன்றுதான், அதைச் சென்றடைந்த பாதை வேறு.

எனக்கு அதைவிட நெருக்கமாகத் தோன்றுவது பிக்காசோவின் காளைத் தலை. ஜெர்மானியப் படை பிடித்திருந்த பாரிஸில் 1942இல் செய்தது. ஒரு சைக்கிள் இருக்கை, அதன் மேல் ஒரு கைபிடி, அவ்வளவுதான். காளை வந்து நிற்கிறது. சைக்கிளில் வாழ்ந்த ஊர்க்காரர்களுக்கு அதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. அவர் பிறகு அதை வெண்கலத்தில் வார்த்தார். அது எனக்குப் பிடிக்கவில்லை. தோல் இருக்கை தோலாகவே இருந்திருக்கலாம்.

யாழ்ப்பாணத்தில் உங்களுக்கு முன்னோடி யார்?

குருநகரில் 1933இல் பிறந்த ஓவியர் ஆ. மாற்குவை முதலில் சொல்ல வேண்டும். எந்த ஊடகம் கையில் கிடைத்தாலும் அதைச் சோதித்துப் பார்க்கும் மனம் அவருக்கு இருந்தது. அதைவிடப் பெரிது, தனக்குப் பின்னால் ஒரு மாணவர் கூட்டத்தை உருவாக்கியது. 1995 இடப்பெயர்வுக்குப் பிறகும் அவர் வேலையை நிறுத்தவில்லை. 2000இல் மறைந்தார்.

ஓவியர் தா. சனாதனனின் வேலைகள் எனக்கு இன்னொரு கதவைத் திறந்தன. 2004இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் நடந்த "அகம் புறம்" காட்சியில், குடாநாட்டு வீடுகளிலிருந்து திரட்டிய அன்றாடப் பொருட்களை வைத்து அவர் ஒரு நிறுவற்கலையை அமைத்தார். 1981இல் ஏறக்குறைய 97,000 நூல்களோடு எரிந்த கட்டடம் அது. புத்தகம் எரிந்த இடத்தில் வீட்டுச் சாமான்களை வாசிக்கக் கொடுத்தார் என்றே நான் அதை விளங்கிக்கொண்டேன். 2011இல் வெளிவந்த அவருடைய தோம்பு நூலும் அப்படித்தான். ஒல்லாந்தர் காலக் காணிப் பதிவேட்டின் பெயர் தோம்பு. இடம்பெயர்ந்தவர்கள் இழந்த வீட்டை நினைவிலிருந்து கோடு கோடாக வரைந்து கொடுத்த வரைபடங்கள்தான் அந்த நூலின் அடித்தளம். அடுப்படி எங்கே, கிணறு எங்கே, மாமரம் எங்கே என்று. ஒரு தாளும் பென்சிலும் எத்தனை பாரம் தாங்கும் என்று அதில் பார்க்கலாம்.

பூச்சி அரிக்காதா? எத்தனை காலம் இருக்கும்?

அரிக்கும். என்னிடம் மறைப்பதற்கு ஒன்றுமில்லை. ஆரம்பத்தில் கஞ்சிப் பசையால் ஒட்டிய ஒரு தொகுதியை, மாரியில் பெட்டிக்குள் வைத்துவிட்டு உறவினர் கலியாணத்துக்கு வவுனியா போனேன். திரும்பி வந்தபோது கரப்பான்கள் பசை இருந்த இடங்களை மட்டும் துல்லியமாகத் தின்று, படத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து வைத்திருந்தன. இப்போது பசை காய்ச்சும்போது சிறிதளவு மயில்துத்தம் சேர்க்கிறேன். புத்தகம் கட்டுகிறவர்கள் செய்வது அது. நஞ்சு, பிள்ளைகளுக்கு எட்டாமல் வைக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்றோடு ஈரம் ஏறும்போது சுவரோடு ஒட்டி எதையும் வைப்பதில்லை. கறையானுக்குச் சாம்பலும் விழிப்பும்தான் மருந்து.

ஆனால் ஓலையைக் குறைத்து எண்ண வேண்டாம். அவித்து, உலர்த்தி, எழுத்தாணியால் கீறி, விளக்குக் கரியும் எண்ணெயும் தேய்த்த ஏடுகள் நூற்றாண்டுகளைக் கடந்து வந்திருக்கின்றன. கவனித்தவர்கள் இருந்ததால் வந்தன. என் கிடுகுப் படம் ஒன்றை வாங்குகிறவரிடம், இதைக் கவனிக்க முடியாவிட்டால் வாங்காதீர்கள் என்று சொல்லிவிடுவேன். இரண்டு பேர் வாங்காமல் போயிருக்கிறார்கள்.

ஓலைப்பெட்டி இழைக்கிறவர்களை விட உங்கள் வேலைக்கு ஏன் கூடிய விலை?

இதற்கு நல்ல பதில் என்னிடம் இல்லை, நேர்மையான பதில் மட்டும் இருக்கிறது. பக்கத்து வளவு ஆச்சி சார்வோலையை நனைத்து, ஈர்க்கு நீக்கி, நகத்தால் ஒரே அகலத்தில் கிழித்து, பேசிக்கொண்டே நீத்துப்பெட்டி இழைப்பார். கண் கைக்குப் போவதே இல்லை. கூம்பின் முனையில் தொடங்கும் முதல் நாலு ஓலை எப்படிப் பூட்டுகிறது என்று நான் இரண்டு மாதம் பார்த்தும் பிடிபடவில்லை. அவருடைய பெட்டி சந்தையில் சில நூறு ரூபாய்க்குப் போகிறது. அவர் இழைத்த துண்டுகளைச் சேர்த்து நான் செய்த சுவர்ப்படம் ஒன்று, கொழும்பில் அதைப்போல நூறு மடங்குக்கு விற்றது. வித்தியாசம் கையில் இல்லை. சட்டகத்திலும், வெள்ளைச் சுவரிலும், நான் படித்த பட்டத்திலும் இருந்தது.

அதற்குப் பிறகு, அவர் கைபட்ட வேலைகளில் இருவர் பெயரையும் போட்டு, விலையையும் இரண்டாகப் பிரிக்கிறேன். ஆச்சி முதல் தடவை காசை வாங்கிக்கொண்டு படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மழை வந்தால் இது ஒழுகும், பிள்ளை" என்றார். அதுதான் அவருடைய விமர்சனம்.

இன்னொன்றும் சொல்லாமல் விட முடியாது. பனை ஏறியவர், ஓலை வெட்டியவர், நார் உரித்தவர் யார், அவர் எந்தப் படலை வரை வரலாம், எதில் குடிக்கலாம் என்று இந்த ஊர் சாதியால் தீர்மானித்திருந்த காலம் அதிக தூரத்தில் இல்லை. பனையைக் கற்பகதரு என்று பாடும் வாய், அதில் ஏறியவரை விறாந்தையில் ஏற்றவில்லை. "நம் மண்ணின் பாரம்பரியப் பொருட்கள்" என்று யாராவது என் வேலையைப் புகழும்போது எனக்கு இது நினைவுக்கு வரும்.

போர்க்காலப் பொருட்களைச் சேர்த்து ஏன் செய்வதில்லை? நல்ல வரவேற்பு இருக்குமே.

நல்ல வரவேற்பு இருக்கும் என்பதாலேயே தயங்குகிறேன். அத்தோடு உயிர் ஆபத்து. காணியில், பற்றைக்குள், கடற்கரையில் கிடக்கும் இனந்தெரியாத உலோகத் துண்டு எதையும் தொடக்கூடாது. பொலிசுக்கோ கண்ணிவெடி அகற்றுகிறவர்களுக்கோ அறிவிக்க வேண்டும். உடைந்த அஸ்பெஸ்டஸ் கூரை, பழைய பற்றரி, வலையின் ஈயக் குண்டு, இவற்றையும் வகுப்பறைக்குக் கொண்டுவர வேண்டாம். கடற்கரையில் பவளக்கல் பொறுக்குவது சட்டப்படி குற்றம். உயிருள்ள பனையை வெட்டவும் அனுமதி வேண்டும். எனக்கு விழுந்த ஓலையே போதும்.

பிள்ளைகளுக்கு எதிலிருந்து தொடங்கலாம்?

பட்டத்திலிருந்து. தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். பாம்பு, பறவை, கப்பல் என்று முப்பரிமாணப் பட்டங்கள் எழும். மூங்கில் சலாகை, ரிசுக் கடதாசி, நூல், பசை தவிர வேறொன்றும் இல்லை. அந்த இளைஞர்கள் எவரும் தம்மைச் சிற்பிகள் என்று சொல்லிக்கொள்வதில்லை. எடையை எங்கே குறைப்பது, பட்டத்தை நூலோடு பிணைக்கும் முச்சையை எந்தக் கோணத்தில் கட்டுவது என்பது அவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு எனக்குத் தெரியாது.

பிறகு வீட்டுக்கு வந்து ஒரு விண் கட்டச் சொல்லுங்கள். வளைத்த தடியின் இரு முனைகளுக்கும் குறுக்கே முறுக்கிழுத்த ஒரு நாடா. பார்சல் கட்டிவரும் பிளாஸ்டிக் நாடாவைச் சீவி மெல்லியதாக்கிக் கட்டுகிறார்கள். பட்டத்தின் தலையில் அதைக் கட்டி ஏற்றினால் காற்றில் கூவும். நாடாவைக் கொஞ்சம் சீவினால் ஓசை மாறும், இன்னும் சீவினால் அறும். எங்கே நிறுத்துவது என்று பிள்ளை தானே கண்டுபிடிக்க வேண்டும். என் வகுப்பில் ஒரு பையன் ஒன்பது நாடா அறுத்தான். பத்தாவது நாடா, இரவு முழுவதும் ஊருக்கு மேலே கூவியது. அயலவர்கள் மறுநாள் என்னிடம்தான் முறையிட வந்தார்கள்.

எங்கள் வீட்டுப் பழைய பொருட்களைத் தரலாமா?

தரலாம், அது என்ன வேலை செய்தது என்று சொல்லித் தர வேண்டும். சொல்லத் தெரியாவிட்டால், வீட்டில் பெரியவர்களிடம் கேட்டுவிட்டு வாருங்கள். கேட்கப் போனவர்களில் பாதிப்பேர் பொருளைத் தராமல் தாங்களே வைத்துக்கொள்கிறார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை.

உங்கள் அம்மாவின் நீத்துப்பெட்டி எங்கே? அதை வைத்து எதுவும் செய்யவில்லையா?

குசினியில், புகைக்கூண்டுக்குப் பக்கத்து ஆணியில் தொங்குகிறது. விளிம்பு இரண்டு இடத்தில் பிரிந்து, ஆச்சி புது ஓலை வைத்துக் கட்டிக் கொடுத்திருக்கிறார். ஒரு அருங்காட்சியகத்துக்காரரும் கேட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னும் அதில்தான் பிட்டு அவிக்கிறோம்.